மூட்டுக் குருத்தெலும்பும் ஊசிவழிச் செலுத்தும் நீர்க்களியும்

எலும்பும் எலும்பும் வந்து கூடுமிடத்தை மூட்டு என்கிறோம். அவ்விரு எலும்புகளின் முனைகளையும் வழுவழுப்பான வெண்பொருள் ஒன்று போர்த்தியிருக்கிறது. ஆட்டுத் தொடையெலும்பின் முனையில் முத்துப்போல் ஒளிரும் பகுதியைக் கண்டவர்கள் இதனை அறிவர். இதுவே மூட்டுக் குருத்தெலும்பு. முழங்காலில் இதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரைதான். ஆயினும் நாம் சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் முழங்கால் மூட்டில் இறங்குகிறது. அப்பாரத்தை ஒவ்வோர் அடியிலும் தாங்கி, உராய்வு தோன்றாமல் காக்கும் பணி இம்மெல்லிய போர்வையைச் சார்ந்தது.

இப்போர்வை கிழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. தோலில் பட்ட காயம் ஆறுகிறது. முறிந்த எலும்பும் கூடுகிறது. குருத்தெலும்பு மட்டும் ஆறாது. 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அவர் கூற்றைப் பொய்ப்பித்தவர் இலர்.

ஆனால், ‘ஓர் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளர்ந்துவிடும்’ என்னும் பேச்சு இப்பொழுது ஊர்ப்புறங்களிலும் பரவியிருக்கிறது. முழங்கால் வலியுற்ற முதியோர் சுகாதாரப் பணியாளரிடமும், பிள்ளைகளின் ஆசிரியரிடமும் இதனைக் கேட்கின்றனர். இப்பேச்சில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின் குருத்தெலும்பின் அமைப்பிலிருந்தே தொடங்குதல் நலம்.

குருத்தெலும்பு ஏன் ஆறுவதில்லை?

குருத்தெலும்பின் எடையில் ஏறக்குறைய 65 முதல் 80 விழுக்காடு நீரே. எஞ்சியவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று கொல்லாஜன் என்னும் நார்ப்புரதம். இது வலைபோல் பின்னிக் கிடக்கிறது. மற்றொன்று அக்ரிகன் என்னும் பெருமூலக்கூறு. புட்டி கழுவும் தூரிகையைப் போன்ற உருவமுடைய இம்மூலக்கூற்றின் மயிர்கள் யாவும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆதலின் அவை ஒன்றையொன்று விலக்கி விரிய முயல்கின்றன. நீரையும் தம்பால் இழுக்கின்றன. கொல்லாஜன் வலையோ அவற்றை விரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. காற்றடைத்த சைக்கிள் சக்கரத்தில் உட்குழாய் விம்ம, வெளிச்சக்கரம் அதனை அடக்குவதுபோல் எனக் கொள்ளலாம். இவ்விரு விசைகளின் சமனிலையே குருத்தெலும்பின் வலிமை. இரண்டில் ஒன்று குன்றினும் மற்றொன்றால் பயனில்லை.

இப்பொருளில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்கள் மிகச் சில. அவையும் தத்தம் சிறு குழிகளில் சிறைப்பட்டு வாழ்கின்றன. நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும், மூட்டு நீரை உறிஞ்சியும் வெளிவிட்டும் குருத்தெலும்பு உணவைப் பெறுகிறது. காயம் பட்டால் இரத்தம் வந்து உறைதலும், புதிய உயிரணுக்கள் குடியேறுதலும் ஈண்டு நிகழ வழியில்லை. நரம்பின்மையால் தொடக்கத்தில் வலியும் தோன்றுவதில்லை. வலி தெரியும் வேளையில் சேதம் கீழேயுள்ள எலும்பையும் சூழ்ந்துள்ள சவ்வையும் எட்டியிருக்கும்.

இதற்கு விந்தையான சான்று ஒன்று உண்டு, வகுப்பறையில் கூறத்தக்கது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலுள்ள கரி-14 என்னும் கதிரியக்கக் கரியின் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1963-இல் ஏற்பட்ட சோதனைத் தடை உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. அக்கரி பயிரின் வழியே உணவிலும், உணவின் வழியே உடலிலும் புகுந்தது. எனவே உடலின் எப்பகுதி எக்காலத்தில் உருவாயிற்று என்பதை அதிலுள்ள கரி-14 கொண்டு கணிக்கலாம். டென்மார்க் விஞ்ஞானிகள் முழங்கால் குருத்தெலும்பை இம்முறையில் ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். வளர்ச்சி முற்றிய பிறகு அங்குள்ள கொல்லாஜன் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நோயுற்ற மூட்டிலும் அப்படியே. அறுபது வயதினர் ஒருவர் பள்ளிப் பருவத்தில் நெய்யப்பட்ட வலையின்மீதே இன்றும் நடக்கிறார் என்பது இதன் பொருள். அக்ரிகன் பகுதி மட்டும் ஓரளவு மாற்றம் பெறுகிறது.

நீர்க்களி

ஆங்கிலத்தில் ஹைட்ரோஜெல் எனப்படும் பொருளை இக்கட்டுரையில் நீர்க்களி என்று வழங்குகிறோம். அகராதிகளில் வேறு சொற்களும் உள. ஆயினும் கேழ்வரகுக் களி கிண்டிய கை அறியும், மிகுந்த நீரைக் கொஞ்சம் மாவு எவ்வாறு பிடித்து நிறுத்துகிறது என்பதை. நீண்ட மூலக்கூறுகள் வலையாகப் பின்னி நீரைத் தம்முள் அடக்கிக்கொண்டால் அது நீர்க்களி. பாயாது, ஆனால் ஈரம் மாறாது. இவ்விலக்கணப்படி பார்த்தால் குருத்தெலும்பே இயற்கை சமைத்த நீர்க்களிதான். ஆதலின் அதன் பள்ளத்தை மற்றொரு நீர்க்களியால் நிரப்பலாமே என்று ஆராய்ச்சியாளர் எண்ணியது இயல்பே.

அக்களி ஊசியில் திரவமாகப் புகுந்து, மூட்டினுள் சென்றதும் உறையுமானால் மேலும் நலம். மூட்டை அகலத் திறக்க வேண்டியதில்லை. பள்ளம் எவ்வளவு கோணலாயினும் திரவம் அதன் வடிவைத் தானே கொள்ளும். அமெரிக்க விஞ்ஞானிகள் செயற்கை நீர்க்களி ஒன்றை 15 நோயாளிகளின் முழங்காலில் வைத்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். பள்ளத்தின் அடியிலுள்ள எலும்பில் நுண்துளைகளிட்டு மச்சை இரத்தத்தைக் கசியச் செய்வது முன்னரே வழக்கிலிருந்த சிகிச்சை. அத்துளைகளுக்கு மேல் அவர்கள் களியை ஊற்றி ஒளியால் உறையச் செய்தனர். துளை மட்டும் இடப்பட்ட மூவருடன் ஒப்பிட, களி பெற்றவர்களின் பள்ளம் நன்கு நிரம்பியது. பதினெண்மர் அடங்கிய சோதனை மிகச் சிறிது. ஆயினும் வழி தெரிந்தது.

திசுவிலிருந்து களி

செயற்கைக் களி உயிரணுக்களுக்கு வெறும் அறை போன்றது. மாறாக, உயிருள்ள திசுவிலிருந்தே களியைச் செய்தால், அவ்வணுக்கள் பழகிய வீட்டின் சுவரும் தூணும் அதில் இருக்கும் என்பது அடுத்த எண்ணம். செய்முறை வருமாறு: பன்றி முதலிய விலங்கின் திசுவை நறுக்கி, உறையவைத்தும் இளக்கியும், சோப்பு போன்ற கழுவுபொருள்களில் ஊறவைத்தும் அதிலுள்ள உயிரணுக்களை உடைத்து வெளியேற்றுவர். எஞ்சும் டி.என்.ஏ. உலர்ந்த திசுவின் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது ஆய்வாளர் பெரிதும் பின்பற்றும் அளவு. பின் உலர்த்திப் பொடியாக்கி, நீர்த்த அமிலத்தில் பெப்சின் என்னும் செரிமானப் பொருளுடன் இரண்டு மூன்று நாள் கலக்குவர். நம் இரைப்பையில் உணவுக்கு நேர்வது ஆய்வுக்கூடத்தில் திசுவுக்கு நேர்கிறது. இவ்வாறு கிடைத்த குழம்பைக் குளிர்ந்த நிலையிலேயே காரமும் உப்பும் சேர்த்து நடுநிலையாக்கிவிட்டால் ஊசிமருந்து ஆயத்தம். உடல் வெப்பமாகிய 37 டிகிரியில் அது உறைந்து களியாகிவிடும். பன்றியின் மூத்திரப்பையிலிருந்து இவ்வாறு களி செய்து அதன் தன்மைகளை 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆய்வாளர் வெளியிட்டனர்.

இங்கு கருத்தூன்றும் மாணவன் ஒரு தடை எழுப்பக்கூடும். ஆட்டுக்கால் சூப்பு சூட்டில் நீராயிருந்து, ஆறினால் உறைகிறது. கடற்பாசிக் களியும் அவ்வாறே. இதுவோ குளிரில் நீராயிருந்து, சூட்டில் உறைகிறதே, எப்படி? இவ்வினாவிற்கு விடை சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் அடங்கியிருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் மூன்று இழைகளால் முறுக்கப்பட்ட கயிறு போன்றது என்று கண்டறிந்து வெளியிட்டனர். 1955-இல் அவ்வமைப்பை மேலும் திருத்தினர். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொல்லாஜனைத் தந்து அவ்வாய்வுக்குத் துணைசெய்தது. தோல் பதனிடும் தொழிலுக்கும் மூட்டு மருத்துவத்துக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே என்பது நினைவிற்குரியது.

கொதிக்கும் சூப்பில் அம்முப்புரிக் கயிறு பிரிந்து தனித்தனி இழைகளாகிவிடுகிறது. அதுவே ஜெலட்டின். ஆறும்போது இழைகள் ஆங்காங்கே ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் சூப்பு உறைகிறது. உடற்சூட்டில் மறுபடி இளகும். பெப்சின் முறையிலோ கொதிப்பே இல்லை. பெப்சின் கயிற்றின் தலைப்பையும் வாலையும் மட்டும் கத்தரிக்கிறது, முறுக்கு அவிழ்வதில்லை. முறுக்குக் கலையாத கயிறுகள் வெப்பம் பெற்றதும் தம்மைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு நாராகின்றன. ஜெலட்டின் சிதைந்த கொல்லாஜன். திசுக்களியில் இருப்பது சிதையாத கொல்லாஜன். ‘சூப்பு குடித்தால் மூட்டு வளரும்’ என்போருக்கும் இது விடையாகும்: குடித்த ஜெலட்டின் வயிற்றில் மேலும் துண்டுபட்டு, பருப்புப் புரதம் போல் உணவாகிறதேயன்றி, கயிறாக எழுந்து மூட்டைத் தேடிச் செல்வதில்லை.

நம் நாட்டில் நடைபெறும் ஆராய்ச்சி

டில்லி ஹவுஸ் காஸ் பகுதியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் குருத்தெலும்பு ஆராய்ச்சி நடப்பது மருத்துவத் துறையில் அன்று, நெசவுத் துறையில். அங்குப் பேராசிரியர் சௌரவ் கோஷ் குழுவினர் பட்டுப் புரதத்தையும் ஜெலட்டினையும் கலந்து களி செய்கின்றனர். பட்டு நூலைச் சாயமிடுமுன் சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்துப் பிசினை நீக்குவது காஞ்சிபுரத்தார் அறிந்த வேலை. ஆய்வுக்கூடத்திலும் முதற்படி அதுவே. பின் நூலைக் கரைத்து, ஜெலட்டினும் மச்சையிலிருந்து எடுத்த உயிரணுக்களும் சேர்த்து, அச்சுப்பொறி மை போல் அடுக்கடுக்காக இழுத்து உருவம் கொடுக்கின்றனர்.

இக்குழு கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் அமிதாப வந்தியோபாத்யாயருடன் சேர்ந்து எடுத்துக்கொண்ட வினா மிக நுட்பமானது. கருவில் தோன்றும் குருத்தெலும்பு இருவகைப்படும். ஒரு வகை தற்காலிகமானது. பின்னர் எலும்பாக மாறிவிடும். மற்றொரு வகை மூட்டின் முனையில் ஆயுள் முழுதும் நிற்பது. ஆய்வுக்கூடத்தில் மச்சை உயிரணுக்களைக் குருத்தெலும்பாக வளர்த்தால் அவை பெரும்பாலும் முதல் வழியிலேயே செல்ல முற்படுகின்றன. அத்தகையதை மூட்டில் வைத்தால் என்ன ஆகும்? நாளடைவில் வழுவழுப்பான பரப்பில் எலும்பு முளைக்கும். பட்டும் ஜெலட்டினும் கலந்த களி உயிரணுக்களை நிலையான வகையின் பக்கம் திருப்ப உதவுகிறது என்று 2017-இல் இவர்கள் வெளியிட்டனர். பள்ளத்தை நிரப்புவதும் குருத்தெலும்பை ஆக்குவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆராய்ச்சி அரிது. எனினும் இது ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை. நோயாளியின் முழங்காலில் அன்று.

திசுவிலிருந்தே களி செய்யும் துறையிலும் இந்தியர் பங்கு சிறிதன்று. கொரியாவின் போஹாங் நகரில் பால்குனி பதி முதல் ஆசிரியராக எழுதி 2014-இல் வெளியான கட்டுரை, குருத்தெலும்பு, இதயம், கொழுப்பு ஆகிய திசுக்களின் தாங்குபொருளைக் களியாக்கி அச்சிட்டதை விவரித்தது. அவரே பின்னர் ஐதராபாத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியேற்று, அங்குள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவமனை, உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, மனித விழிவெண்படலத்தின் தாங்குபொருளிலிருந்து செயற்கை விழிவெண்படலம் அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தினார். இது 2022-இல் அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த ‘கோலிடெர்ம்’ என்னும் சவ்வு, தோற்புண்ணை ஆற்றும் பொருளாக 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியைப் பெற்றது. விலங்குத் திசுவிலிருந்து செய்த பொருள் இந்நாட்டில் ஆய்வுக்கூடத்தைக் கடந்து நோயாளியை அடைய முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தோலும் கண்ணும் ஒருபுறமிருக்க, குருத்தெலும்பு ஏன் பின்தங்குகிறது?

முதற்காரணம், கழுவுதலிலேயே உள்ள முரண். குருத்தெலும்பு இறுகிய பொருள். உள்ளேயுள்ள உயிரணுக்களை வெளியேற்றக் கடுமையாகக் கழுவ வேண்டும். அவ்வாறு கழுவினால் அக்ரிகனும் அடித்துச் செல்லப்படுகிறது. வலை மிஞ்சுகிறது; நீரைப் பிடிப்பது போய்விடுகிறது. மெதுவாகக் கழுவினால் அயல் விலங்கின் எச்சம் தங்கி, உடல் எதிர்க்கிறது. பன்றித் திசுவிலுள்ள ஒருவகைச் சர்க்கரைக்கு எதிரான பொருள் நம் எல்லோர் இரத்தத்திலும் இயல்பாகவே உண்டு. இரண்டாவது, வலிமை. உறைந்த திசுக்களியின் விறைப்பு உண்மைக் குருத்தெலும்பினதைவிட ஆயிரம் மடங்கு குறைவாக இருப்பது வழக்கம். நடக்கும் முழங்காலில் அது தனித்து நிற்குமென்று எதிர்பார்க்கலாகாது. உயிரணுக்கள் வந்து புதுத்திசு நெய்யும்வரை அதற்குப் பாதுகாப்பு வேண்டும். எனவே சிலர் பட்டையோ செயற்கை இழையையோ கூட்டி உரமேற்றுகின்றனர். அமெரிக்காவில் மனிதக் கொடையாளரின் குருத்தெலும்பை உலர்த்திப் பொடித்து, நோயாளியின் சொந்த இரத்தக்கூற்றுடன் குழைத்துப் பள்ளத்தில் பூசும் முறை வழக்கில் இருக்கிறது. கழுவும் வேலையே அதில் குறைவு.

பள்ளம் வேறு, தேய்மானம் வேறு

மக்களிடம் பேசுவோர் அறிய வேண்டிய பகுதி இது. மேலே கூறிய களிகள் யாவும் பெரும்பாலும் பள்ளத்துக்கானவை. கபடி ஆட்டத்திலோ மோட்டார் சைக்கிள் விபத்திலோ இளைஞர் ஒருவரின் குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்து, சுற்றுப்புறம் நன்றாயிருந்தால் அதுவே பள்ளம். முதியோரின் மூட்டுத் தேய்மானமோ ஓரிடத்து நோயன்று. குருத்தெலும்பு, கீழ் எலும்பு, சவ்வு, தசை ஆகிய எல்லாமும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. சாலையில் ஒரு குழியை அடைப்பதற்கும், சாலை முழுதும் அரித்துப்போவதற்கும் உள்ள வேறுபாடு இது. களி ஊற்றிச் சாலையை மீட்க இயலாது.

இன்று கடைத்தெருவில் ‘ஜெல் ஊசி’ என வழங்குவது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். மூட்டு நீரில் இயற்கையாகவே உள்ள வழவழப்புப் பொருள். இது எண்ணெயிடுதல் போன்றது, குருத்தெலும்பை வளர்ப்பதன்று. 2022-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, இது வலியைக் குறைக்கும் அளவு மிகச் சிறிது என்று காட்டியது. இதற்குக் குருத்தெலும்பு வளர்க்கும் ஊசி என்று பெயரிட்டு விற்பவர் ஏழை உழவனின் ஒரு பருவ வருமானத்தைப் பறிக்கிறார் என்றே கூறவேண்டும்.

உயிரணுச் சிகிச்சைகள் வேறு. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு அணுக்களை எடுத்துப் பெருக்கிப் பள்ளத்தில் வைக்கும் முறையை ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 23 நோயாளிகளிடம் கையாண்டு 1994-இல் வெளியிட்டனர். அவ்வகைத் தயாரிப்பு ஒன்றுக்கு இந்தியாவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. கொடையாளரின் மச்சையணுக்களைக் கொண்ட பெங்களூர்த் தயாரிப்பு ஒன்று முழங்கால் தேய்மானத்துக்கென 2022-இல் அனுமதி பெற்றது. அனுமதி பெற்ற இவற்றைச் சுட்டிக்காட்டி, அனுமதியில்லாத பிறவற்றை விற்பவரும் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெறாத தண்டணுச் சிகிச்சையை முறையான பரிசோதனைக்கு வெளியே அளிக்கலாகாது; அப்பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் கட்டணமும் வாங்கலாகாது.

தேய்மானம் உடையோருக்குத் தொடைத் தசையை உரப்படுத்தும் பயிற்சியும், மிகையான எடையைக் குறைத்தலும், முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவையுமே இன்றும் முதன்மையான சிகிச்சைகள். இவற்றுள் முதலிரண்டும் களப்பணியாளர் கூடவே இருந்து கற்பிக்கக்கூடியவை.

குருத்தெலும்பு வளர்க்கும் புதிய ஊசி என்று எவரேனும் அழைத்தால், அது அங்கீகாரம் பெற்றதா, பரிசோதனையா என்று முதலில் கேட்கச் சொல்லலாம். பரிசோதனை எனில் அதற்குப் பதிவு எண் இருத்தல் வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007 முதல் நடந்துவருகிறது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு தொடங்கும் அவ்வெண்ணைக் கொண்டு, பரிசோதனை எந்த மருத்துவமனையில், எத்தனை பேரிடம், எந்த நோய்க்காக நடக்கிறது என்பதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.